கணையாழியும் காலாவதியும்

அசோகவனத்திலே சிறையிருந்த சீதையின் முன் அனுமன் தோன்றியபோது, அவள் முதலில் ஐயுற்றாள். தவசி வேடம் பூண்டு வந்தவனை நம்பித் துன்புற்றவள் அவள். வந்து நிற்பவன் இராமதூதனே என்பதை எவ்வாறு துணிவாள்? அனுமன் அடையாளங்களைக் கூறிக் கணையாழியையும் நீட்டினான், ஐயம் அகன்றது. தூதின் பொருளை ஆராயுமுன் தூதுவன் யார் என்பதை ஆராயவேண்டும் என்பதே அக்காட்சி உணர்த்தும் உண்மை.

இக்காலச் செய்திப் போக்குவரத்தும் அதே கேள்வியை எதிர்நோக்குகின்றது. கணினி வலைப்பின்னல்களில் இயங்கும் கருவிகள், தம் வெப்பநிலை யாது, தம்மூடாகச் செல்லும் செய்தித்திரள் எவ்வளவு, எந்த இணைப்பு அறுந்துள்ளது என்பனவற்றை இடையறாது கண்காணிப்பு நிலையத்துக்கு அறிவிக்கின்றன. இதனைத் தொலையளவை என்பர். பொய்க்கருவி ஒன்று பொய்யறிக்கை அனுப்பினால் நிலையத்தார் ஏமாறுவர். பகைவன் ஒருவன் நிலையத்தைப் போல் நடித்து அறிக்கைகளைப் பெற்றால், வலைப்பின்னலின் அமைப்பு முழுவதும் அவனுக்கு வெளிப்பட்டுவிடும்.

1988ஆம் ஆண்டில், இத்தகைய கருவிகளைக் கண்காணிப்பதற்கென எஸ்.என்.எம்.பி. என்னும் முறை வகுக்கப்பட்டது. எளிமையால் அது விரைந்து பரவிற்று. ஆயின், அதன் தொடக்க வடிவங்களிலே கடவுச்சொல் மறைக்கப்படாமலே கம்பிவழிச் சென்றது. பல கருவிகளில் அச்சொல் ‘பப்ளிக்’ என்றே முன்கூட்டி அமைக்கப்பட்டிருந்தது. கதவைப் பூட்டித் திறவுகோலை வாசற்படியிலே வைத்ததற்கு இது ஒப்பாகும்.

இக்குறையைத் தீர்க்கும் கருத்தோ முன்னரே பிறந்திருந்தது. 1976இல் அமெரிக்க அறிஞர்களாகிய விட்பீல்ட் டிபியும் மார்ட்டின் ஹெல்மனும், ஒவ்வொருவருக்கும் இரு திறவுகோல்கள் இருக்கவேண்டும் என்றனர். ஒன்று ஊரறியத் தரப்படுவது. மற்றது உரியவர் மட்டுமே காப்பது. ஊரறிந்த திறவுகோல்களையெல்லாம் ஒரு பொது ஏட்டிலே பதிந்து வைக்கலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆனால், ஒவ்வொரு முறையும் அந்த ஏட்டைத் தேடிச் செல்வதாயின் நெருக்கடி மிகுமன்றோ? 1978இல் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவரான லோரன் கோன்பெல்டர் தம் ஆய்வேட்டில் இதற்கு வழி கண்டார். பெயரையும் திறவுகோலையும் ஒருங்கே எழுதி, நம்பிக்கைக்குரிய அதிகாரி ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டால், உரியவர் அதனைத் தம்முடனேயே எடுத்துச் செல்லலாம். அதற்கு அவர் இட்ட பெயரே அத்தாட்சிப் பத்திரம். 1988இல் எக்ஸ்.509 என்னும் நியமம் அப்பத்திரத்துக்கு உலகப் பொதுவான வடிவத்தை வகுத்தது. 1999இல் டி.எல்.எஸ். என்னும் காப்புமுறை வெளியாயிற்று. கருவிகளின் நிகழ்ச்சிக் குறிப்புக்களை அம்முறையில் அனுப்புவதற்கான நியமம் 2009இல் வெளிவந்தது.

அதன் இயக்கம் தெளிவானது. கருவி தன் மறைதிறவுகோலை எவர்க்கும் வெளியிடாது. ஊரறி திறவுகோலை மாத்திரம் அதிகாரியிடம் அனுப்பி ஒப்பம் பெறும். பின்னர், கண்காணிப்பு நிலையம் தன் பத்திரத்தைக் காட்டும். கருவியும் தன் பத்திரத்தைக் காட்டும். இருபுறமும் ஒப்பத்தைச் சரிபார்த்த பின்னரே அறிக்கை புறப்படும். திறவுகோல் என்றேனும் களவுபோகலாம் என்பதனால், ஒவ்வொரு பத்திரத்திலும் காலாவதித் திகதியும் பொறிக்கப்படுகின்றது. களவு நேர்ந்தாலும் தீங்குக்கு ஓர் எல்லை அமைகின்றது.

காவலுக்காக இட்ட அந்த எல்லையே இடரையும் விளைக்கக்கூடும் என்பதை 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி உலகம் கண்டது. அன்று பிரித்தானியாவின் ஓ2, யப்பானின் சொவ்ற்பாங்க் ஆகிய கைத்தொலைபேசிச் சேவைகள் சீர்குலைந்தன. பகைவன் எவனும் புகவில்லை. கம்பி எதுவும் அறவில்லை. எரிக்சன் நிறுவனம் வழங்கிய நடுநிலையக் கருவிகளின் மென்பொருளில் இருந்த அத்தாட்சிப் பத்திரம் ஒன்று காலாவதியாகியிருந்தது; அந்நிறுவனமே இதனை அறிவித்தது. ஓ2 வலைப்பின்னலைச் சார்ந்திருந்தோர் 3 கோடிக்கும் மேற்பட்டோர். இலண்டன் மாநகரில் பஸ் வரும் நேரத்தைக் காட்டும் பலகைகளும் செயலிழந்தன. யப்பானில் நான்கு மணித்தியாலத்துக்கு மேலாகத் தடை நீடித்தது; பிரித்தானியாவிலோ மறுநாட் காலையிலேதான் நிலைமை சீரடைந்தது.

ஆதலின், பத்திரத்தைப் பெறுவதோடு காவற்பணி முடிவதில்லை. எந்தக் கருவியில் எந்தப் பத்திரம் உள்ளது, அது என்று முடிவடையும் என்பதற்கு ஓர் ஏடு வேண்டும். தவணைக்கு முன்னரே புதுப்பிக்கும் ஒழுங்கும் வேண்டும். கருவியின் கடிகாரமும் சரியாக ஓடவேண்டும். கடிகாரம் பிழைத்தால், செல்லுபடியாகும் பத்திரமும் செல்லாததாகத் தோன்றும். இராமன் கொடுத்த கணையாழியிலே தவணை எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. இன்றைய கணையாழியிலோ அது குறிக்கப்பட்டுள்ளது. அதனை மறந்தவரிடத்து உண்மைத் தூதனும் வாயிலிலே தடுக்கப்படுவான்.