கெட்ட ரத்தமும் கேள்வி கேட்கும் உரிமையும்

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு எங்கள் காலனிப் பெண்களுக்குத் துணையாகப் போகும்போதெல்லாம் நாங்கள் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. நரம்பு கிடைக்கவில்லை என்று ஒரே கையில் மூன்று முறை ஊசி குத்துவார்கள். "வலிக்குதும்மா" என்றால் "கையை ஆட்டாதே" என்று அதட்டல் வரும். ரத்தம் எதற்கு எடுக்கிறார்கள் என்று அவர்களும் சொல்வதில்லை, நம் பெண்களும் கேட்பதில்லை. ஊசி குத்திய வலி சாயங்காலத்துக்குள் போய்விடும். சொல்லாமல் எடுக்கும் வழக்கம்தான் ஆபத்து. அது எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு சாட்சி.

1932. அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டி. பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கிக் கிடந்த கறுப்பின ஆண்களிடம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வந்து ரத்தம் எடுத்தது. "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். அது சிபிலிஸ் என்ற மேகநோய் என்று சொல்லவில்லை. டஸ்கிகீ ஆய்வு என்று பின்னாளில் உலகம் அறிந்தது இதைத்தான். நோயுள்ள 399 பேர், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். மருந்து கொடுக்காமல் விட்டால் இந்த நோய் உடலை என்ன செய்யும் என்று பார்ப்பதே நோக்கம்.

1933-இல் "இலவசச் சிறப்புச் சிகிச்சை, கடைசி வாய்ப்பு" என்று கடிதம் அனுப்பினார்கள். நம்பிப் போனவர்களின் முதுகுத்தண்டில் ஊசி செருகி நீர் எடுத்தார்கள். அது வெறும் சோதனை, சிகிச்சை அல்ல. 1940-களின் இறுதியில் பென்சிலின் பரவலாகக் கிடைத்தது. இவர்களுக்குத் தரவில்லை. 1958-இல் 25 ஆண்டு ஒத்துழைப்புக்கு ஒரு சான்றிதழும் 25 டாலரும் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு டாலர்!

ஏன் போனார்கள் என்று கேட்பவர்கள் வறுமையை அறியாதவர்கள். வேறு மருத்துவரிடம் போக அவர்களிடம் வசதி இல்லை. ஒரு வேளைச் சாப்பாடும் அடக்கச் செலவுக்குப் பணமும் கிடைத்தன. அழைத்துப் போன செவிலியர் யூனிஸ் ரிவர்ஸும் கறுப்பினப் பெண்தான். நம்மவர் ஒருவர் உள்ளே இருந்தால் மட்டும் போதாது என்பதும் இதில் பாடம்.

1972-இல் பீட்டர் பக்ஸ்டன் தந்த தகவல்களைக் கொண்டு செய்தியாளர் ஜீன் ஹெல்லர் உண்மையை வெளியிட்ட பிறகே ஆய்வு நின்றது. 1997-இல்தான் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

ஆய்வு நிற்பதற்கு முந்தைய ஆண்டு, 1971-இல், கறுஞ்சிறுத்தைகள் தங்கள் இலவச மருத்துவ நிலையங்களில் அரிவாள் செல் ரத்தசோகைக்குப் பரிசோதனை தொடங்கினார்கள். அவர்களும் ஊசிதான் குத்தினார்கள். ஆனால் அது என்ன நோய், ஏன் இந்தப் பரிசோதனை என்று மக்களுக்கு விளக்கினார்கள். 1972-இல் மும்பையில் பிறந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்தது அவர்களிடமிருந்துதான்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், தகவல் பெறுவதையும் பாகுபாடற்ற சிகிச்சையையும் உரிமை என்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை கையை நீட்டும் முன் இரண்டே கேள்விகள் கேட்போம்: எதற்கு எடுக்கிறீர்கள்? முடிவை எப்போது சொல்வீர்கள்?