பழனி மலைத் தீவின் ஆமா

திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாக ஆவினன்குடியைப் போற்றுகிறது. பழனி மலையடிவாரத்துத் திருஆவினன்குடிதான் அது. அதே நூல் முடியும் இடத்தில், பழமுதிர்சோலை மலையிலிருந்து அருவி இறங்கும் காட்சியில், ஒரு காட்டு விலங்கின் காளை முழங்கும் ஓசை கேட்கிறது. அந்த விலங்கின் பெயர் ஆமா. காட்டுப் பசு என்று உரைகள் பொருள் சொல்கின்றன. மலைபடுகடாமும் அரசன் நன்னனின் முற்றத்தில் வந்து குவியும் மலைப்பொருள்களுக்கிடையே ஆமானின் கன்றைக் காட்டுகிறது. இன்று பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் அதே விலங்கு குறுக்கே வந்து நின்றால், பேருந்தில் இருப்பவர்கள் அதைக் 'காட்டெருமை' என்றுதான் சொல்கிறார்கள். சங்கப் புலவர்கள் பசுவின் இனத்தில் வைத்துப் பெயரிட்ட விலங்கை நாம் எருமையாக்கிவிட்டோம். பெயரோடு அதன் வரலாற்றையும் மறந்தோம். அதனால்தான் இந்த மலையில் நமக்கு முன்பே குடியிருந்த விலங்கு, ஊருக்குள் புகுந்த அந்நியனாகத் தெரிகிறது. அந்த வரலாற்றைத் திரும்பப் படித்தால் ஒன்று தெளிவாகும்: பழனி மலை ஒரு தீவு, ஆமா அந்தத் தீவின் பழங்குடி, அது அழியாமல் நின்றதற்குக் காரணம், இந்தத் தீவுக்கு ஒரு வாசல் அடைபடாமல் இருந்ததுதான்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உயிரியலில் எருமைகள் ஒரு பேரினம், பசுவும் காளையும் வேறொரு பேரினம். ஆமா இரண்டாவதைச் சேர்ந்தது. காங்கேயம் காளை எந்தப் பேரினமோ அதே பேரினம். வெள்ளைக்காரர்கள் அதை 'பைசன்' என்றார்கள். அதுவும் பிழைதான், அமெரிக்கப் பைசன் வேறு விலங்கு. உண்மையான காட்டெருமை, அதாவது நம் வீட்டு எருமையின் காட்டு மூதாதை, இந்தியாவில் இன்று அசாமின் காசிரங்கா போன்ற வடகிழக்குக் காடுகளிலும் சத்தீஸ்கரிலும் மிஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டுக் காடுகளில் அது இல்லை. ஊர் வழக்கில் நிலைத்துவிட்ட பெயரைத் திருத்துவது புலவர் வேலை, அதனால் விலங்குக்கு என்ன நன்மை என்று சிலர் கேட்கலாம். ஆமா நம் மாட்டின் நெருங்கிய உறவு என்று தெரிந்தால்தான், மாட்டுக்கு வரும் நோய் அதற்கும் வரும் என்பதும், மாடு மேயும் புல்லே அதற்கும் உணவு என்பதும் மனத்தில் பதியும். பின்னால் சொல்லப்போகும் வரலாறு முழுக்க இந்த உறவின் கதைதான்.

மலையைத் தீவு என்று சொல்வது வெறும் உவமையல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிய கைபோல ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும் 40 கிலோமீட்டர் அகலமும் கொண்டு கிடக்கிறது பழனி மலைத்தொடர். வடக்கே பழனிச் சமவெளி, கிழக்கே திண்டுக்கல் சமவெளி, தெற்கே தேனிப் பக்கத்துப் பள்ளத்தாக்கு. மூன்று புறமும் வயலும் தோப்பும் ஊரும் சாலையும். குளிர்ந்த மேல்மலையின் சோலைக்கும் புல்வெளிக்கும் பழகிய உயிர்களுக்கு இந்த வறண்ட சமவெளி கடல் மாதிரிதான். மேற்கே மட்டும் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியாக மலை ஆனைமலைக் காடுகளோடு கைகோத்திருக்கிறது. வெளிர் சாம்பல் நிறத்து ஆமாக்களுக்குப் பெயர்பெற்ற பள்ளத்தாக்கு அது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கும் கொடைக்கானல் காட்டுக்கும் இடையே நான் சொல்லும் வாசல் இதுதான்.

வாசல் இல்லாத தீவில் இப்படிப்பட்ட விலங்குக்கு என்ன நேரும் என்பதற்கு உலகில் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவு. அங்கு மட்டுமே வாழும் குள்ளமான காட்டெருமைக்குத் தாமரா என்று பெயர். 1900-ஐ ஒட்டி ஏறத்தாழ 10,000 இருந்ததாக மதிப்பிடப்படும் அந்த இனம், 1969-இல் நூறுக்கும் கீழே போய்விட்டதாகக் கணக்கிடப்பட்டது. காட்டை அழித்து மேய்ச்சல் பண்ணைகள் வந்தன, 1930-களில் பண்ணை மாடுகளிலிருந்து வெக்கை என்னும் மாட்டுத் தொற்றுநோய் பரவியது, துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. பல பத்தாண்டுப் பாதுகாப்புக்குப் பிறகும் அதன் எண்ணிக்கை சில நூறுகளைத் தாண்டவில்லை. இன்னொரு சாட்சி நமக்கு மிக அருகில், இலங்கையில் இருக்கிறது. கண்டி அரசரிடம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ், 1681-இல் வெளியிட்ட நூலில் காளையை ஒத்த ஒரு விலங்கைச் சிங்களப் பெயரோடு குறிப்பிடுகிறார். அது ஆமா என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்தத் தீவில் ஆமா வாழ்ந்ததற்குப் புதைபடிவங்களும் உண்டு. இன்று இலங்கையில் ஒரு ஆமாகூட இல்லை. ஒருமுறை அழிந்தபின் நீரைக் கடந்து திரும்பி வர அதற்கு வழியில்லை.

பழனி மலையின் ஆமாவுக்கும் இதே மூன்று கண்டங்கள் வந்தன: துப்பாக்கி, நோய், நில இழப்பு. 1821-இல் நில அளவையாளர் பி. எஸ். வார்டு இந்த மலையை அளந்தார். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அதற்குப் பின் ராணுவ அதிகாரிகளுக்கு இந்த மேட்டுநிலம் வேட்டைக்களமானது. 1860-களை ஒட்டி மேல்மலையை ஆராய்ந்து படம் வரைந்த டக்ளஸ் ஹாமில்டனின் பெயர் பேரிஜம் ஏரியை அடுத்த ஹாமில்டன் கோட்டையில் இன்றும் நிற்கிறது. தென்னிந்திய வேட்டைகளைப் பற்றி 1892-இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே ஆனைமலை, நீலகிரியோடு பழனி மலையும் இடம்பெற்றது. ஆயிரம் கிலோ எடையைத் தொடக்கூடிய ஆமாவின் கொம்பு வேட்டைக்காரர்களுக்குப் பெரும் பரிசு. வேட்டை மிஞ்சிப்போனதை அவர்களே உணர்ந்ததன் அடையாளமாக நீலகிரியில் 1879-இலேயே வேட்டை விலங்குகளைக் காக்கச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான உறுதியான தடைக்கு 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் முதல் அட்டவணையில் ஆமா இடம்பெற்றிருக்கிறது.

துப்பாக்கியைவிடக் கொடியது வெக்கை நோய். சமவெளி உழவனைக் கடனில் தள்ளிய நோய் அது. ஒரு பருவத்தில் தொழுவமே காலியாகிவிடும். மதராஸ் மாகாணம் 1866-இலேயே கால்நடை நோய்ச் சட்டம் இயற்றியது அதன் கொடுமைக்குச் சான்று. பசுவின் உறவான ஆமா இதற்குத் தப்ப முடியாது. 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை பரவி ஆமாக்கள் பெருமளவில் மாண்டன. 1970-களின் நடுவில் பெரியாறு காட்டிலும் அதே துயரம் நடந்தது. ஆனால் மிண்டோரோவின் தாமராவைப் போல இந்த மந்தைகள் குற்றுயிராய் நின்றுவிடவில்லை. சில பத்தாண்டுகளில் மீண்டும் பெருகின. காரணம் இரண்டு. ஒன்று, 1954-இல் தொடங்கிய தேசியத் திட்டம் மாடுகளுக்கு இடைவிடாமல் தடுப்பூசி போட்டது. 1995-இல் நோய் கடைசியாகத் தலைகாட்டி ஓய்ந்தது. 2011-இல் உலகிலிருந்தே வெக்கை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசி காட்டு மாட்டையும் காத்தது. இன்னொன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் காடு காட்டோடு தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு காட்டில் மந்தை குறைந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து இடம்பெயர வழி இருந்தது. பழனி மலையில் ஆமா நிலைத்ததற்கும் மஞ்சம்பட்டி வாசலே பெருங்காரணம் என்று கொள்வது இந்த ஒப்பீட்டுக்குப் பொருந்துகிறது.

மூன்றாவது கண்டம் இன்னும் தீரவில்லை. மேல்மலையின் இயற்கை வடிவம், பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் மாறிமாறி வருவது. புல்வெளியை 'வெற்று நிலம்' என்று எண்ணிய ஆட்சிகள் அங்கே சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றை நட்டன. சீகைப் பட்டை தோல் பதனிடவும் தைலமரம் கூழுக்கும் பயன்பட்டன. நோக்கம் கெட்டதல்ல: விறகு வேண்டும், தொழிலுக்குச் சரக்கு வேண்டும். ஆனால் சீகை நட்ட இடத்தில் நிற்கவில்லை, விதை சிதறிப் புல்லை மூடியது. 1973 தொடங்கிய நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் போய்விட்டதாக 2018-இல் வெளிவந்த செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. மரம் நடுவது நல்லதுதானே என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். புல் இல்லாத இடத்தில் மரம் நட்டால் அது காடு வளர்ப்பு. பல்லாயிரம் ஆண்டுகளாக நின்ற புல்லை அகற்றி நட்டால், ஒரு காட்டு வகையை அழித்து இன்னொன்றைக் கொண்டுவருவதாகவே முடியும்.

இங்கேதான் மிகவும் வலுவான மறுப்பு எழும். கொடைக்கானல் நகரத் தெருக்களிலும் விடுதித் தோட்டங்களிலும் ஆமாக்கள் உலவுகின்றன. ஆட்கள் முட்டுப்பட்டிருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. பயிர் மேயப்பட்ட விவசாயியிடம் இந்த விலங்கு ஆபத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவருடைய இழப்பு உண்மையானது. இழப்பீடு தாமதமின்றியும் அவருடைய செலவுக்கு ஈடாகவும் கிடைத்தாக வேண்டும். அதைச் செய்யாமல் விலங்கின் பக்கம் பேசுவது நியாயமாகாது. ஆனால் கண்ணில் நிறையப் படுவதை வைத்து நிறைய இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. புல்வெளி மூன்றில் ஒன்றாகச் சுருங்கியபின், மிஞ்சிய பச்சை எங்கே இருக்கிறது? கோல்ப் மைதானத்திலும் தோட்டப் புல்தரையிலும் காய்கறிப் பாத்திகளிலும்தான். பசித்த மந்தை அங்கேதான் வரும். சிறிய இடத்தில் நெருக்கமாக நிற்கும் மந்தை, பரந்த இடத்தில் சிதறி நின்ற மந்தையைவிட நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். உலக அளவில் ஆமா இன்றும் அழியும் அபாயத்துக்குள்ளான விலங்குகளின் பட்டியலில்தான் இருக்கிறது. நகரத்தில் அது தெரிவதைச் செழிப்பின் அடையாளமாகக் கொள்வது, வீடு இழந்து தெருவில் நிற்பவர்களைப் பார்த்து ஊரில் கூட்டம் பெருகிவிட்டது என்று மகிழ்வதற்கு ஒப்பாகும்.

சமவெளிப் பழனிக்கு இதில் என்ன என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளை நிரப்புவது இந்த மலையின் வடசரிவு. பக்தர் நீராடும் சண்முகநதியும் அங்கிருந்தே இறங்குகிறது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழையும் இதே மலையின் கொடை. மேல்மலையின் சோலையும் புல்லும் மழையைத் தாங்கிவைத்து மெல்லக் கசியவிடும். அந்தக் கசிவுதான் கோடையிலும் ஓடையாகிறது. ஆகவே ஆமாவுக்கு வேண்டிய புல்லும் பழனிக்கு வேண்டிய தண்ணீரும் ஒரே நிலத்தில் விளைபவை. முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் கொடுத்த மரபைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆவியர் குடியைச் சேர்ந்தவன், பொதினி எனப்பட்ட இந்த மலைக்கு உரியவன். அவனுடைய மலையில் வாழும் ஆமா கேட்பது அதனுடைய சொந்தப் புல்வெளியைத்தான்.

அரசு 2013-இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயத்தை அறிவித்தது. அது நல்ல தொடக்கம், ஆனால் எல்லைக்கோடு மட்டும் புல்லை முளைக்க வைக்காது. சீகையைக் கவனமாக, கட்டம் கட்டமாக அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும். மலைமேல் மேயும் ஊர் மாடுகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போட வேண்டும். வெக்கை போனாலும் கோமாரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மஞ்சம்பட்டிப் பக்கத்து வாசலில் சாலையோ விடுதியோ வேலியோ எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிண்டோரோவைச் சுற்றிக் கடல் இருந்ததற்கு யாரும் பொறுப்பல்ல. பழனி மலையின் மேற்கு வாசல் ஒருநாள் அடைபட்டால், அதற்குப் பொறுப்பு நாம் மட்டுமே.