ஒத்த வடிவும் வேறு பொருளும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சொற்கள்

எழுத்தால் நெருங்கியும் பொருளால் விலகியும் நிற்கும் பழஞ்சொற்கள் பல, விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஊர்ப்பெயர்களில் வாழ்கின்றன.

விழுப்புரம் என்பதன் முன்சொல் 'விழு'. சிறந்த என்னும் பொருளில் அது விழுப்பொருள், விழுப்புண், விழுமியோர் ஆகியவற்றிலும் வரும். மரத்தின் விழுதோ வீழ்தலைக் குறிக்கும் 'விழு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. சிறப்பைக் குறிக்கும் 'விழு'வோடு ஒட்டிய 'விழுமம்' சீர்மை, இடும்பை என எதிரெதிர்ப் பொருள்களைத் தரும் என்பது தொல்காப்பிய உரியியல் கருத்து. ஆங்கில எழுத்தில் ழகரம் லகரமாகிவிடுவதால் சிலர் 'வில்' என்று பிரிப்பர். தமிழ் எழுத்து அதற்கு இடந்தருவதில்லை.

திண்டிவனத்தைத் 'திண்டி'யோடு இணைப்பதும் பொருந்தாது. உணவைக் குறிக்கும் திண்டி, 'தின்' என்னும் வினையைச் சார்ந்தது. ஊர்ப்பெயரோ புளியமரத்தைக் குறிக்கும் 'திந்திரிணி' என்னும் வடசொல்லின் திரிபு. புளியங்காடு என்பது பொருள். அங்குள்ள சிவன் கோயில் இறைவன் பெயர் திந்திரிணீசுவரர்.

சங்ககாலத்தில் இப்பகுதி ஓய்மானாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, கிடங்கில், எயிற்பட்டினம் ஆகிய ஊர்களைச் சுட்டுகிறது. கிடங்கில் இன்று திண்டிவனத்தைச் சேர்ந்த கிடங்கல். 'கிடங்கு' என்றால் அகழி. 'கிட' என்னும் வினையோடு அதைப் பொருத்துவர். பண்டகசாலை என்பது அதன் மற்றொரு பொருள். மலாய் மொழி வழியாக ஆங்கிலம் பெற்ற 'கோடவுன்' என்னும் சொல்லின் வேரை, தமிழ்க் கிடங்கிலும் தெலுங்குக் கிட்டங்கியிலும் காண்பவர் உண்டு.

எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியாக அறிஞர் கருதுவர். 'எயில்' கோட்டை மதில், 'எயிறு' பல், 'எயினர்' பாலைநில வேட்டுவர். எயினர் என்ற பெயரை அம்பு எய்தலோடு தொடர்புபடுத்துவர். வேற்றுமைப் புணர்ச்சியில் எயில் வல்லினத்தின் முன் 'எயிற்' என்றும், எயிறு 'எயிற்று' என்றும் நிற்கும்; அவ்வடிவும் இடமுமே பொருளைத் தெளிவாக்கும். கடற்கரை ஊருக்கு மதில் பொருந்தும், பல் பொருந்தாது.

மரக்காணம் இன்று உப்பளத்துக்குப் பெயர்பெற்றது. 'அளம்' உப்பு விளையும் பாத்தி. 'அளவர்' உப்பு விளைவிப்போர். லகரம் வந்தால் 'அலம்' கலப்பையாகும். 'ஹல' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் அது. 'அலவன்' நண்டு. நெய்தல் நிலத்தில் அளவனும் அலவனும் அருகருகே வாழ்வதால், ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓரெழுத்தைப் பிழைத்தாலும் உழைப்பாளி நண்டாகிவிடுவார்.

ஆகவே ஊர்ப்பெயருக்குப் பொருள் காண்போர் ல, ள, ழ வேறுபாட்டை முதலில் உறுதிசெய்து, பிறகு புணர்ச்சியைப் பிரித்து, இறுதியில் இலக்கிய வழக்கோடும் நிலத்தோடும் ஒப்பிட வேண்டும். இம்மூன்றும் ஒத்துவரும் பொருளே ஏற்கத்தக்கது.