ரோசேசியா

ரோசேசியா முகத்தின் நடுப்பகுதியைப் பற்றும் நாட்பட்ட அழற்சி நோய். கன்னம், மூக்கு, நெற்றி, முகவாய் ஆகிய இடங்களில் முதலில் வந்துவந்து போகும் சிவப்பு நாளடைவில் நிலைத்துவிடும். நுண்ணிய இரத்தக்குழாய்கள் இழையிழையாகத் தெரியும். சிலருக்குச் சீழ்ப்பருக்களும் கிளம்பும். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தொடங்கும். தொற்றாது.

இதை வெள்ளைக்காரர்களின் நோய் என்று ஒதுக்குவது தவறு. மாநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாததால் பலருக்கு நோய் பிடிபடுவதில்லை. சோப்புப் போட்டால் காந்துகிறது, வெயிலில் நடந்தால் முகம் எரிகிறது என்பதே அவர்களின் முறையீடாக இருக்கும். அத்தகைய கன்னத்தில் கண்ணாடித் தகட்டை மெல்ல அழுத்தினால் அந்த இடம் வெளிறும். எடுத்ததும் சிவப்பு திரும்பும். முகப்பருவில் காணும் கருமுனைப் பருக்கள் இதில் இரா.

இந்தியாவில் நிலைமையைச் சிக்கலாக்குவது ஸ்டீராய்டு களிம்பு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்றவை கலந்த களிம்புகளை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி, நிறம் கூடும் என்று மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, ரோசேசியா போன்றே சிவந்து, பருக்கள் கிளம்புகின்றன. பூசினால் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வெடிக்கும். அதற்கு அஞ்சி மறுபடி பூசுவார்கள். இந்தச் சுழலிலிருந்து தோல் மருத்துவரின் துணையோடுதான் வெளிவர முடியும்.

நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. கேத்தலிசிடின் என்னும் எதிர்ப்புப் புரதத்தின் மிகைச் செயல்பாடு, மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் உண்ணிகளின் பெருக்கம், பரம்பரை ஆகியவை சேர்ந்து செயல்படுகின்றன. தூண்டுபவை வெயில், அடுப்பனல், மது, காரம், மன அழுத்தம். காபி, தேநீரில் பெரும்பாலும் சூடுதான் வினை. ஆற்றிக் குடித்தால் பலருக்குத் தொல்லையில்லை.

முழுக் குணம் இல்லாவிட்டாலும் நன்றாகக் கட்டுப்படும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும் மணமற்ற மென்மையான முகக் கழுவியும் அன்றாடத் தேவை. பருக்களுக்கு மெட்ரோனிடசோல், அசிலாயிக் அமிலம், 1% ஐவர்மெக்டின் களிம்பு. மிஞ்சினால் டாக்சிசைக்ளின் மாத்திரை (கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை). பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இழையோடும் குழாய்களுக்கு லேசர்.

ஆண்களிடம் சில வேளை மூக்குத் தோல் தடித்துப் புடைக்கும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, கிர்லாந்தாயோ 1490 வாக்கில் தீட்டிய தாத்தா-பேரன் ஓவியத்தில் அத்தகைய மூக்கைக் காணலாம். குடிகாரன் மூக்கு என்ற பழி இதற்கு உண்டு. மது தொடாதவர்களுக்கும் வருகிறது. இதைக் களிம்பால் கரைக்க முடியாது, அறுவையாலோ லேசராலோ செதுக்குவார்கள்.

கண்ணையும் நோய் தாக்கலாம்: மணல் விழுந்தாற்போல் உறுத்தல், இமையோர வீக்கம், அடிக்கடி கண்கட்டி. கருவிழி புண்ணானால் பார்வைக்கே ஆபத்து என்பதால், வலியோ வெளிச்சக் கூச்சமோ கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.