இதயச் செயலிழப்பு: கரிசல் வட்டார நோயாளிகளுக்கான கையேடு

இதயத்தால் உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்க முடியாமல் போவதை மருத்துவ நூல்கள் இதயச் செயலிழப்பு என்கின்றன. நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்வதும், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவதும் இதன் அடையாளங்கள். கரிசல் வட்டார நோயாளிகளுக்கு எழுதும் கையேட்டில் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பெயரைத்தான். படிப்பவர் இதயமே நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்வார். கோவில்பட்டிப் பக்கம் 'ஹார்ட் வீக்', 'பம்பிங் கம்மி' என்றால் போதும். கிணற்று மோட்டார் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இடறுவது எண்ணில்தான். எக்கோ அறிக்கையில் பம்பிங் 35 சதவீதம் என்றிருந்தால் பள்ளிக்கூடக் கணக்கில் அது பாஸ் மார்க். நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் நிறைந்த இரத்தத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும் என்பதையும், 40க்குக் கீழே இறங்கினால் பலவீனம் என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

இந்தப் பலவீனம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு: திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேடு 2013இல் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பின்தொடர்ந்தது. ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்தொரு பேர் இறந்திருந்தார்கள்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவு. கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். மேலைநாட்டுக் கையேடுகள் டப்பா சூப்பையும் பதப்படுத்திய இறைச்சியையும் விலக்கச் சொல்லும். அதை அப்படியே தமிழாக்கினால் கருவாடு, மோர் மிளகாய், ஊறுகாய், சாத்தூர் காராச்சேவு எல்லாம் தப்பித்துவிடும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயில் உப்புத் தொல்லை இல்லை. சர்க்கரை உள்ளவர்தான் யோசிக்க வேண்டும். கம்பங்கஞ்சியோ உப்புக் கணக்கிலும் வரும், தண்ணீர்க் கணக்கிலும் வரும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் சித்திரை வெயிலில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டு, அளவைக் கையேட்டிலேயே குறித்துக்கொள்ள இடம் விட வேண்டும்.

உடலில் நீர் கோத்து மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடை பார்க்கும் மெஷின் இல்லாத வீட்டுக்குப் படங்கள் உதவும்: இறுகும் செருப்பு வார், காலில் பதியும் கொலுசு, விரலால் அழுத்தினால் எழும்பாத குழி, படுத்தால் மூச்சு முட்டுவதால் ஒன்று இரண்டாகி மூன்றாகும் தலையணை.

கோத்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரைக்குத் தனிப் பக்கம் வேண்டும். காட்டு வேலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகும் பெண், ஒதுங்க இடமில்லாத நாளில் அதை விழுங்காமல் விட்டுவிடக்கூடும். 'தவறாமல் சாப்பிடவும்' என்ற வரி அவளுக்கு எதையும் சொல்லாது. எத்தனை மணிக்குப் போட்டால் வேலை கெடாது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதித் தர வேண்டும்.

அச்சுக்குப் போகுமுன் கையேட்டை நோயாளிக்கு வாசித்துக் காட்டி, "வீட்டுல போயி என்ன சொல்லுவீக?" என்று கேட்பது வழக்கமான சோதனை. அவர் திருப்பிச் சொல்லும் வாக்கியம் அச்சில் இருப்பதைவிட நன்றாக இருந்தால், அதையே போட்டுவிடலாம்.