பலூச்சி மொழியில் இறைமறை

பலூச்சி மக்கள் பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் பிரிந்து வாழ்கின்றனர், ஓமானிலும் உள்ளனர். அவர்களின் மொழி ஈரானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அண்டையிலுள்ள பஷ்தூவைவிடத் தொலைவிலுள்ள குர்திய மொழிக்கே அது நெருங்கிய உறவு. ரிந்து, லாஷாரி குலங்களின் நெடும்போரைப் பற்றிய பாடல்கள் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியிலேயே வாழ்ந்தன. கலாத் அரசவையின் எழுத்துமொழியோ பாரசீகம்.

ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் கிறித்தவ ஊழியர்கள் நற்செய்தி நூல்களைப் பலூச்சியில் அச்சிட்டனர். அதற்கான மறுமொழி போலான் கணவாய்ப் பக்கத்தில், தாதர் ஊரை அடுத்த துர்கானிலிருந்து எழுந்தது. மௌலானா முஹம்மது ஃபாஸிலைச் சூழ்ந்த உலமாக்கள், பலூச்சியிலும் பிராகூயியிலும் மார்க்க நூல்களை எழுதி மக்களிடம் சேர்த்தனர். வாதத்தில் வெல்வதைவிடக் கடினமான பணி இது. மௌலானா ஹுஸூர் பக்ஷ் ஜதோயியின் பலூச்சிக் குர்ஆன் மொழிபெயர்ப்பு 1911-இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் பிராகூயி மொழிபெயர்ப்பும் தொடர்ந்தது.

பலூச்சியரோடு கலந்து வாழ்வோர் பேசும் இந்தப் பிராகூயி, தமிழைப் போலவே ஒரு திராவிட மொழி என்பது நம்மவர் பலருக்கு வியப்பளிக்கும். அம்மொழிபெயர்ப்புகள் இரண்டும் அரபு எழுத்து முறையிலேயே அமைந்தன. அரபுத்தமிழில் மார்க்கம் பயின்ற நம் பாட்டிமார்களுக்கு அந்தப் பக்கங்கள் முற்றிலும் அந்நியமாகத் தோன்றியிரா.