வங்கும் ஏராவும்

எங்கள் தாத்தா ஓடாவி. மரக்கலம் கட்டும் தச்சருக்கு எங்கள் கரையில் அதுதான் பேர். குலசேகரன்பட்டினத்துத் துறையில் வியாபாரம் ஓய்ந்து, சரக்கெல்லாம் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தபின், தாத்தாவும் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளைக் கட்டினார். அடியில் ஓடும் முதுகெலும்புக் கட்டைக்கு ஏரா என்று பெயர். அதிலிருந்து இருபுறமும் விலா போல எழும்பும் வளைந்த சட்டம் வங்கு. வங்கின் மேல் பலகையை அறைந்து, இடுக்கில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைப்பது கலப்பற்று. சிறு வயதில் அந்த வாசனையிலேதான் நான் தூங்கியிருக்கிறேன்.

நான் மரத்தை விட்டுத் தகட்டுக்குப் போனவன். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ரிவெட் அடித்தேன். ஓய்வு பெற்ற பிறகு மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, பேரன் கார் ஷெட்டில் காரை வெளியே நிறுத்திவிட்டு இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு உடல் கட்டிக்கொண்டிருந்தான். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய அலுமினியத் தகடுகள். துளையெல்லாம் ஆலையிலேயே போட்டு வந்தவை. துளைக்குத் துளை பொருத்தி, தற்காலிக ஊசிகளால் பிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி ரிவெட் அடிக்க வேண்டும். அவன் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, நான் உள்ளே கைவிட்டு இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்தேன். மூன்று வாரம் அப்படிப் போனது.

“இது பல்க்ஹெட், தாத்தா” என்று ஒரு வளையத்தைக் காட்டினான்.

“அதுக்கு நம்ம ஊர்ல பேரு இருக்குலே. வங்கு.”

நீளவாக்கில் ஓடும் சட்டங்கள், குறுக்கே வங்கு, மேலே தோல். கடலில் போனாலும் வானில் போனாலும் கூட்டின் இலக்கணம் ஒன்றுதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. விமானத்தின் வரலாறே அப்படித்தான் இருக்கிறது.

1910 மார்ச்சில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். அந்தச் செய்தி ஏஞ்சலிஸை உலுக்கியிருக்கிறது. வரைபடம் அவருடையது, கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. அப்போது சிம்ப்சனின் தொழில் குதிரை வண்டியும் மோட்டார் வண்டிக்கு மேல்கூடும் கட்டுவது. மரத்தை வளைத்து, எடை குறைத்து, அதிர்ச்சி தாங்கும்படி சட்டம் பூட்டத் தெரிந்த கைகள் அங்கேதான் இருந்தன. பல்லாவரத்தில் முதலில் சோதித்துவிட்டு, பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கி மக்களுக்குக் காட்டினார். இந்தியாவின் முதல் பறத்தல்களில் ஒன்று அது. வரைந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. இழைப்புளி பிடித்த சென்னைத் தச்சர் ஒருவர் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை. இந்தக் கதையில் என்னை வருத்துவது அதுதான்.

அதே காலத்தில் பாரிஸில் சாந்தோஸ் துமோன் ‘டெமாய்செல்’ என்ற சின்னஞ்சிறு விமானத்துக்கு மூங்கில் கழிகளால் உடல் கட்டினார். காப்புரிமை கேட்காமல் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். வீட்டில் விமானம் கட்டும் வழக்கத்துக்கு அந்தத் தாராள மனசுதான் வித்து என்பேன்.

1912இல் பிரான்ஸில் வந்த தெபெர்துசான் விமானம் தாத்தாவுக்குப் பிடித்திருக்கும். மெல்லிய மரத் தகடுகளை அச்சின் மேல் ஒன்றுக்கொன்று குறுக்காக, மூன்று அடுக்காகப் பசை தடவி ஒட்டி, முட்டை ஓடு போன்ற உடலைச் செய்தார்கள். பாரத்தைத் தோலே தாங்கியது. அடுத்த ஆண்டு அந்த வகை விமானம் ரேம்ஸ் பந்தயத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி ஜெயித்தது. மரத்தால் ஆன உடல்! பிறகு அலுமினியம் வந்து மரத்தை ஓரங்கட்டியது. ஆனால் இன்றைய விமானத்திலும் பாரம் சுமப்பதில் பெரும்பங்கு அந்தத் தோலுக்குத்தான்.

1953இல் அமெரிக்காவில் பால் போபெரெஸ்னி வீட்டுக் கட்டுநர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அங்கே சட்டம் சொல்வது, வேலையில் பாதிக்கு மேல் கட்டுகிறவர் கையால் நடக்க வேண்டும் என்பது. நம் நாட்டில் மும்பை விமானி அமோல் யாதவ், தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் கட்டினார். பிரித்துக் கிரேன் வைத்துத்தான் கீழே இறக்க முடிந்தது. 2017இல் அதற்கு அரசுப் பதிவு கிடைத்தது. தகட்டை மடக்குவதைவிட அரசுத் தாள்களைப் புரட்டுவது கடினமாக இருந்திருக்கிறது.

இப்போது எங்கள் குலசேகரன்பட்டினத்திலேயே ராக்கெட் தளம். 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். 34 மீட்டர் உயரமும் 2 மீட்டர் விட்டமும் கொண்ட எஸ்எஸ்எல்வி ராக்கெட் இங்கிருந்து இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே போகலாம். எனக்கு அதில் நிறைந்த சந்தோஷம்.

தளத்தில் வேலைக்குச் சேரப்போகும் பிள்ளைகளுக்கும், காயல்பட்டினம், தூத்துக்குடி, வேம்பார் கரைகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஓடாவியின் முழக்கோலோ, வங்கு வளைவை வெட்டிய பலகை அச்சோ, கணக்கெழுதிய நோட்டோ இருந்தால் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். படம் எடுத்து, கட்டியவர் பெயரையும் ஊரையும் அதன் கீழே எழுதி வையுங்கள்.